மீசை வைத்த சம்பந்தியம்மா

"டிவிங்கிற வார்த்தையே இன்னிக்கு இந்த வீட்ல யார் வாயிலேருந்தும் வரக் கூடாது" என்றாள் அக்கா.

தங்கை கேக்கின் மேல் க்ரீம் தடவிக்கொண்டிருந்தாள். "ஹால்ல அவ்வளவு பெரிசா ஒண்ணு உட்கார்ந்திருக்கே, அதை என்னன்னு சொல்றது?"

"சொல்லவே வேண்டாம். அந்தப் பக்கம் திரும்பாதே."

"போர்வை போட்டு மூடிடட்டுமா?"

"மூடினா, இது என்னன்னு முதல் கேள்வியே அதுதான் வரும்."

சென்ற வாரம் நாம் இந்த வீட்டை விட்டுக் கிளம்பியபோது, தங்கை தன் அக்காவின் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்துகொண்டிருந்தாள். அந்தச் சத்தியத்துக்கு இன்று பகல் சாப்பாட்டு வேளையில் பரீட்சை.

தங்கைக்கு ஒரே மகள். நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவள். பல் வலி என்று போனவள், பல்லைப் பிடுங்கச் சொல்வதற்குப் பதிலாக மனசைப் பிடுங்கி டாக்டர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். அந்தப் பல் டாக்டரும் அவர் அப்பாவும் இன்று சாப்பிட வருகிறார்கள். டாக்டரின் அம்மா, பெரிய மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போயிருக்கிறார். ஆகவே பெண் வீட்டைப் பார்த்து, பேசி, சரி அல்லது சரியில்லை என்று சொல்லும் பொறுப்பு முழுவதும் அப்பாவின் தலையில்.

அந்த அப்பா ஒரு தொழிற்சாலையில் சேஃப்டி ஆபீசர். "ஊர்ல உள்ளவங்க பல்லையெல்லாம் பார்க்கிறேன். எங்கப்பா பல்லை மட்டும் பார்த்ததே இல்லை" என்று டாக்டரே சொல்லியிருந்தார். சிரிக்காத மனிதர்.

அப்படிப்பட்டவரிடம் எதை மறைக்கச் சொல்லி அக்கா இந்தப் பாடு படுகிறாள் என்பதையும் புது வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

தங்கை இப்போது வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுத் திரைச்சீலை தைக்கிறாள். ஆனால் இளவயதில் அவள் பார்த்த வேலை வேறு. விழுவது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் ஒரு நிகழ்ச்சி வரும். ஜன்னல் துடைக்கிற ஒருவர். ஏணி, வாளி, பெரிய மீசை, அளவு பெரிதான தொப்பி. எந்த ஜன்னலைத் துடைக்கப் போனாலும் ஏணி சரியும், வாளி கவிழும், அவர் சோப்புத் தண்ணீரில் வழுக்கிக்கொண்டே போய்க் கல்யாண ஊர்வலத்திலோ வங்கி மேலாளர் மடியிலோ விழுவார். அவருக்குப் பெயரே 'வாளிக்காரர்' என்று ஆகிவிட்டது. முகத்தைக் காட்டியவர் ஒரு பெரிய நடிகர். அவருக்கு இடுப்பு வலி. குனிந்து செருப்பு போடவே ஆள் வேண்டும். ஏணியிலிருந்து விழுந்ததும், கூரையிலிருந்து உருண்டதும், சைக்கிளோடு வேலிக்குள் புகுந்ததும், பள்ளிக்கூடத்தில் ஜிம்னாஸ்டிக்ஸில் பரிசு வாங்கிய நம் தங்கை. மீசை ஒட்டி, தொப்பியை இழுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஸ்டுடியோவில் அவளைப் 'பந்து' என்றுதான் கூப்பிடுவார்கள்.

உடைவதற்கென்றே நாற்காலி செய்கிற தச்சர் ஒருவர் அங்கே இருந்தார். அவர் செய்யச் செய்ய இவள் உடைத்தாள். அதிலேயே காதல் வந்து, கல்யாணமும் ஆனது. நல்ல மனிதர். காலமாகிச் சில வருடங்களாகின்றன. அதன் பிறகு தங்கையும் மகளும் அக்காவோடு ஒரே வீட்டில்.

"மீசை ஒட்டிக்கிட்டு, ஆம்பளை வேஷத்துல தலைகீழா விழுந்தவளோட பொண்ணுன்னு தெரிஞ்சா எந்தக் குடும்பம் ஒத்துக்கும்?" என்றாள் அக்கா. அவள் எலும்பு முறிவு வார்டில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் சொன்னால் வார்டே கேட்கும். வீடு கேட்காதா?

"பெரியம்மா, அவங்க கேட்டா?" என்றாள் மகள், தட்டுகளைத் துடைத்தபடி.

"கேட்டா தையல்னு சொல்லு. பொய்யா?"

"பொய்யில்லை. பாதிதான் உண்மை."

"பாதி போதும். மீதியைக் கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம்."

அழைப்புமணி அடித்தது.

*

சேஃப்டி ஆபீசர் வாசலிலேயே நின்றுவிட்டார். வணக்கம் சொல்வதற்கு முன் கால் மிதியடியைப் பார்த்தார். குனிந்து அதன் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"அடியில ரப்பர் இல்லை."

"அப்பா" என்றார் பல் டாக்டர்.

"சொல்றேன், அவ்வளவுதான். வணக்கம்."

உயரமான மனிதர். இஸ்திரி கலையாத சட்டை. உள்ளே வந்தவரின் கண், ஆட்களை விட்டுவிட்டு மின்சார பிளக், அடுப்பு, மேசை முனை என்று சுற்றி வந்தது. அக்காவுக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. "இந்த மாதிரி பத்துப் பேர் இருந்தா எங்க வார்டுல பாதிக் கட்டில் காலியா இருந்திருக்கும்" என்று தங்கையின் காதில் சொன்னாள்.

சூப் வந்தது. "சூடா இருக்கா?" என்று கேட்டுவிட்டு ஊதி ஊதிக் குடித்தார். பேச்சு, மகளின் நீச்சல் குளத்தில் தரை வழுக்குமா என்பதிலிருந்து தொடங்கி, மெதுவாகக் குடும்பத்துக்கு வந்தது.

"நீங்க கல்யாணத்துக்கு முன்னாடி எங்கயாவது வேலை பார்த்தீங்களா?" என்று தங்கையைக் கேட்டார்.

"பார்த்தேன். ஒரு..."

"தையல்!" என்றாள் அக்கா.

"தையல் அப்புறம் வந்ததுதானே அக்கா?" தங்கைக்குச் சத்தியமும் முக்கியம், பொய் சொல்லாமல் இருப்பதும் முக்கியம். "அதுக்கு முன்னாடி ஒரு நிறுவனத்துல இருந்தேன். கீழ்மட்ட வேலை."

மகள் தண்ணீர் தம்ளருக்குள் சிரித்தாள்.

"கஷ்டமான வேலையா?"

"விழுந்து விழுந்து வேலை பார்த்தேன்."

"அப்படித்தான் இருக்கணும்" என்று சேஃப்டி ஆபீசர் தலையாட்டினார். "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு அது தெரியலை."

பல் டாக்டருக்கு விஷயம் தெரியும். மகள் என்றைக்கோ சொல்லிவிட்டாள். அவர் ரொட்டியைப் பார்த்துக்கொண்டே தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார்.

"மேல போக வாய்ப்பு கிடைக்கலையா?" என்று அப்பா விடாமல் கேட்டார்.

"கிடைச்சுது. மேல ஏத்தி விடுவாங்க. ஆனா எப்படியும் கொஞ்ச நேரத்துல கீழ வந்துடுவேன்."

"அநியாயம்" என்றார் அவர் உண்மையான வருத்தத்தோடு.

அக்கா மேசைக்கு அடியில் தங்கையின் காலை மிதித்தாள். அவசரத்தில் அவள் மிதித்தது சம்பந்தியின் காலை. அவர் குனிந்து பார்த்து, "மேசை கொஞ்சம் குறுகல்" என்று மட்டும் சொன்னார்.

*

சாப்பாடு முடிந்தது. கேக்கும் டீயும் முன்னறையில் என்று ஏற்பாடு. சாப்பாட்டு அறையிலிருந்து முன்னறைக்கு இரண்டு படி இறங்க வேண்டும். தங்கை கேக் தட்டோடு முன்னால் இறங்கிவிட்டாள்.

அவளுக்குப் பின்னால் வந்த சேஃப்டி ஆபீசர் படிக்கு முன்னால் நின்று, மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"இந்த இடத்தைப் பாருங்க. கம்பளம் ஓரம் தூக்கிட்டிருக்கு. உடனே படி. பிடிச்சுக்கக் கம்பி இல்லை. விபத்து எப்பவும் பெரிய மெஷின்ல நடக்கும்னு நினைப்பாங்க. கிடையாது. இந்த மாதிரி இடத்துல, பேசிக்கிட்டே, பின்பக்கம் பார்க்காம ஒரு அடி..."

எப்படி என்று காட்ட ஒரு அடி பின்னால் வைத்தார்.

குதிகால் கம்பள ஓரத்தில் மாட்டியது. உயரமான மனிதர், மரம் சாய்வது போல் அப்படியே பின்னால் சாய்ந்தார். கைகள் காற்றில் எதையோ தேடின. "அப்பா!" என்று டாக்டர் கத்தினார். அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

படிக்குக் கீழே நின்ற தங்கை திரும்பினாள். யோசிக்க நேரமில்லை. உடம்பு யோசிக்கவும் இல்லை. வலது கையில் கேக் தட்டு மேலே போனது. இடது கை அவர் முதுகுக்குக் கீழே போய்ச் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது. அவர் எடையை அவள் தடுக்கவில்லை. தடுத்தால் இரண்டு பேருக்கும் எலும்பு முறியும். அதனோடு கூடவே போனாள். முழங்கால் மடிந்து, இடுப்பு இறங்கி, முதுகு தரையில் சக்கரம் போல் உருள, அவர் அவள் மேல் உருண்டு பக்கத்தில் மெத்தென்று போய் விழுந்தார். பெட்டியிலிருந்து பூனையைக் கீழே கொட்டியது போல.

தங்கையும் மல்லாந்து படுத்துவிட்டாள். கேக் நிமிர்ந்து இருந்தது. க்ரீம்கூடக் கலையவில்லை.

எல்லாம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தபோது, அவளுடைய வலது கால் மட்டும் இன்னும் அந்தரத்தில் நின்றது. அது யாருக்காகவோ காத்திருந்தது போல் ஒரு கணம் நின்று, யோசித்து, பிறகு மெதுவாக, மிக மெதுவாகக் கீழே இறங்கி, தரையைத் தொட்டதும் 'தட்' என்று ஒரு தட்டுத் தட்டியது.

அந்தத் 'தட்' பழைய வழக்கம். கூடவே வந்துவிட்டது.

சேஃப்டி ஆபீசர் தரையில் கிடந்தபடியே அந்தக் காலைப் பார்த்தார்.

"வாளி" என்றார்.

"அப்பா, அசையாதீங்க! தலையில அடிபட்டுதா? இது எத்தனை விரல்?"

"வாளிடா!"

"வாளியெல்லாம் இல்லைப்பா. இது அத்தை. கேக் கொண்டுவந்தாங்க."

"டேய், வாளிக்காரர்டா! அந்தக் கால்! ஏணியிலேருந்து விழுந்துட்டு, கடைசியில அந்த ஒரு கால்..." அவர் தங்கையின் முகத்தைப் பார்த்தார். முடியைப் பார்த்தார். மூக்குக்குக் கீழே வெகுநேரம் பார்த்தார். "ஆனா அவருக்கு மீசை இருந்ததே!"

தங்கை அக்காவைப் பார்த்தாள். அக்கா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"ஒட்டினது" என்றாள் தங்கை. "பசை ரொம்ப அரிக்கும்."

முதலில் வந்தது ஒரு விக்கல் மாதிரி சத்தம். அப்புறம் இன்னொன்று. டாக்டர் பயந்து போய் நாடி பிடிக்கக் குனிந்தார். அதற்குள் அது வெடித்துவிட்டது. அந்த உயரமான மனிதர் தரையில் கிடந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, "மீசை! ஒட்டின மீசை!" என்று உருண்டு உருண்டு சிரித்தார். பல் டாக்டர் பார்த்தார். எல்லாப் பற்களும் தெரிந்தன. கீழ்வரிசையில் ஒரு கடைவாய்ப் பல் சொத்தை.

டாக்டர் கைபேசியை எடுத்து அம்மாவுக்குப் போட்டு, அப்பாவின் பக்கம் நீட்டினார்.

"யாருடா அது, பின்னாடி இப்படிச் சிரிக்கிறது?" என்றது அம்மாவின் குரல்.

"அப்பா."



"உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்றார் அம்மா.

*

எழுந்து உட்கார்ந்து, டீயைக் கையில் வாங்கிய பிறகும் அவருக்குச் சிரிப்பு விட்டு விட்டு வந்தது. கொஞ்சம் அடங்கியதும் சொன்னார்.

"எங்கப்பா கட்டட வேலை பார்த்தவர். சாரத்துலேருந்து விழுந்துட்டார். முதுகுல அடி. மாசக்கணக்கா படுக்கை. யாரோடவும் பேசமாட்டார், சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். ஒரு ஞாயித்துக்கிழமை பக்கத்து அறையில நாங்க உங்க நிகழ்ச்சியைப் பார்த்துட்டிருந்தோம். வாளிக்காரர் ஏணியிலேருந்து விழறார். எங்கம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டுது. வீட்ல ஒரு மனுஷன் விழுந்து கிடக்கிறப்ப இதையா பார்க்கிறீங்கன்னு ஓடி வந்து அணைச்சுட்டாங்க."

தங்கை டீயைக் கீழே வைத்தாள்.

"உள்ளேருந்து அப்பா குரல். 'ஏன் அணைச்சே? அவன் எழுந்தானா இல்லையா?' மறுபடியும் போட்டு, பெட்டியையே தூக்கிட்டுப் போய் அவர் முன்னாடி வச்சோம். எழுந்துட்டீங்க. தொப்பியைத் தட்டிப் போட்டுக்கிட்டு, வாளியைத் தூக்கிக்கிட்டு, அடுத்த ஜன்னலுக்குப் போயிட்டீங்க. அப்பா சிரிச்சார். அவ்வளவு நாளைக்கப்புறம் முதல் தடவை. அதுலேருந்து ஞாயித்துக்கிழமை வந்தா எங்க வீடு பூரா அந்தக் கட்டில் மேலதான். திங்கக்கிழமை ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை அவருக்கு விழுந்து காட்டணும். எனக்கு அந்தக் கால் மட்டும் வரவே வராது."

"இடுப்புல இருக்கு அது" என்றாள் தங்கை. குரல் கம்மியிருந்தது. "கால்ல இல்லை."

"ஏன் அத்தை அழறீங்க?" என்றார் டாக்டர்.

"அழலை. எனக்கு இது புதுசு. நான் விழுந்து யாரும் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை." அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "ஸ்டுடியோவுல யாரும் சத்தம் போடக் கூடாது. வாயைப் பொத்திட்டு நிப்பாங்க. நான் விழுந்தா தரை சத்தம் மட்டும்தான் கேட்கும். சிரிப்பை அப்புறமா ஒலிநாடாவுலேருந்து சேர்ப்பாங்க. ஊர்ல சிரிச்சவங்களும் அந்த நடிகருக்காகச் சிரிச்சாங்க. வீட்லயாவது சிரிப்பாங்கன்னு பார்த்தா..."

அப்போதுதான் கவனித்தார்கள். அக்கா அங்கே இல்லை.

*

சமையலறையில் அக்கா கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"சத்தியத்தை நான் மீறலைக்கா. அந்தக் கால் மீறிடுச்சு."

"தெரியும்."

"அவருக்குக் கோபமில்லை. கல்யாணத்துக்கும் சரின்னுட்டார். இன்னும் என்னக்கா வெட்கம்?"

"வெட்கமா?" அக்கா திரும்பினாள். "ஊருக்காகச் சொன்னேன்டி அதை. எனக்கு வெட்கமெல்லாம் என்னிக்கும் இருந்ததில்லை. பகல் பூரா வார்டுல நிப்பேன். ஏணியிலேருந்து விழுந்தவன், மாடிப்படியில உருண்டவ, சைக்கிளோட போனவன். எந்த எலும்பு எப்படி உடையும்னு எனக்கு மனப்பாடம். ஞாயித்துக்கிழமை டிவியைப் போட்டா அதே ஏணி. மேல என் தங்கச்சி. ஊரே சிரிக்கும். நான் மட்டும் எலும்பை எண்ணிட்டு உட்கார்ந்திருப்பேன்."

"அக்கா, அது போன வாரம் எடுத்தது. நான் உன் பக்கத்துல உட்கார்ந்து பிஸ்கட் தின்னுட்டிருப்பேனே!"

"அது புத்திக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியலையே. மூடிக்கிட்டேன்."

"ஒண்ணுகூடப் பார்த்ததில்லையா?"

"ஒண்ணுகூட."

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷம் அக்கா தன்னைப் பார்த்து முகம் சுளித்தாள் என்று நினைத்திருந்தாள்.

கதவருகே சேஃப்டி ஆபீசரின் குரல் கேட்டது. வாசலைத் தாண்டாமல், கம்பள ஓரத்தைக் கவனமாகத் தவிர்த்து, சாப்பாட்டு அறையில் நின்றபடியே பேசினார்.

"சம்பந்தியம்மா, ஒரு யோசனை. விழாம இருக்கிறது எப்படின்னு எங்க தொழிற்சாலைல நான் சொல்லிக்கொடுத்துக்கிட்டே இருக்கேன். அப்படியும் விழறாங்க. விழுந்தா என்ன பண்ணணும்னு இதுவரைக்கும் யாரும் அவங்களுக்குச் சொன்னதில்லை. திங்கக்கிழமை பயிற்சி வகுப்பு. நீங்க வந்து ஒரு தடவை விழுந்து காட்டணும். எல்லாரும் உங்களைப் பார்க்கணும். மீசை இல்லாம."

தங்கையின் முகம் விளக்குப் போட்டது போல் ஆயிற்று. மறு நிமிடமே அவள் அக்காவைப் பார்த்தாள்.

அக்கா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தங்கை முன்தானைக்குள் மறைத்து வைத்திருந்த இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீ குடித்தபோதும் கண்ணைத் துடைத்தபோதும் அந்தக் கை வெளியே வரவில்லை. அந்த வீட்டில் அதைக் கவனிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான்.

"காட்டு."

"ஒண்ணுமில்லைக்கா. அவர் கொஞ்சம் கனம்."

அக்கா கையை இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது. இரண்டு விரலால் அழுத்தினாள்.

"இங்க வலிக்குதா?"

"இல்லை."

"இங்க?"

"இல்லைக்கா."

"திங்கக்கிழமை காலைல வண்டி அனுப்பட்டுமா?" என்று சாப்பாட்டு அறையிலிருந்து கேட்டார் சேஃப்டி ஆபீசர்.

"இங்க?"

தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் கண்கள் அக்காவைக் கெஞ்சின.

அக்கா அந்தக் கையை விடவில்லை. விடாமலே வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அனுப்புங்க. ரெண்டு பேரா வர்றோம். எனக்கு முன்வரிசையில ஒரு இடம் போட்டு வைங்க!"